கோவா வதக்கலில் ஒரு பிடி உப்பு

அன்று புத்தளம் பக்கம் எங்கள் குறிஞ்சிப்பிட்டி வீட்டில் உம்மா, வாப்பா, எனக்கு மூத்தவளான ராத்தா, நான், ராத்தாவைப் பெண் பார்க்க எலுவன்குளத்திலிருந்து சொல்லாமல் வந்த மாப்பிள்ளையின் தாய் என ஐந்து பேர் இருந்தோம். இன்று மிஞ்சிய முட்டைக்கோவாவையும் அரைக் கரட்டையும் மாசிக் கருவாட்டுத் தூள் போட்டு வதக்கினேன். அந்த வாசத்தில் அவர்கள் எல்லோரும் நினைவில் வந்துவிட்டார்கள்.

அன்று வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாது. கறிக்கோ ஒன்றும் இல்லை. ராத்தா மிச்சக் கோவாவையும் நாலு போஞ்சிக்காயையும் அரிந்து பத்து நிமிஷத்தில் வதக்கிவிட்டாள். அவள் பீங்கான் தட்டு எடுக்கத் திரும்பியபோது நான் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினேன். பள்ளிக்கூடத்தையும் விட்டு அவள் பின்னாலேயே திரிந்த எனக்கு, அவள் கல்யாணமாகிப் போய்விடுவாள் என்ற பயம்.

அந்தத் தாய் ஒரு வாய் வைத்தார். "புத்தளத்துல உப்பு மலிவுதான் புள்ள, அதுக்காக இப்படியா?"

என் விரலில் ஒட்டியிருந்த உப்பை ராத்தா பார்த்தாள். "என்ட கைதான் தவறிட்டு மாமி" என்றாள்.

அவரும் என் விரலைப் பார்த்துவிட்டு வாப்பா பக்கம் திரும்பினார். "தங்கச்சியக் காட்டிக்குடுக்காத புள்ள என்ட ஊட்டையும் காட்டிக்குடுக்க மாட்டா."

அன்றைக்கே நாள் குறித்தார்கள். நான் சும்மா இருந்திருந்தால் ராத்தா இன்னும் கொஞ்ச நாள் எங்களோடு இருந்திருப்பாளோ என்று, இன்றைய வதக்கல் ஆறும்வரை யோசித்துக்கொண்டே நிற்கிறேன்.