சுவரைத் தட்டுகிறவர்

என் கிட்டார், இருநூறு வருடத்துக்கு முந்தைய ஸ்பானியக் கிட்டார் ஒன்றைப் பார்த்துக் கையால் செய்தது. உடம்பு சிறியது, சத்தமும் அவ்வளவுதான். அதற்கே ஜெகதாப்பட்டினத்தில் பக்கத்து வீட்டு மீனவர், நிறுத்தச் சொல்லிச் சுவரைத் தட்டுவார். கொசு இதைவிடச் சத்தம் போடுமே என்று பல்லைக் கடிப்பேன்.

எல்லை தாண்டியதாகச் சொல்லி அவரைக் கடலில் படகோடு பிடித்துப் போனார்கள். அதன்பிறகு கிட்டாரைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் அவர் மனைவி வந்தார்.

“ஏங்க வாசிக்க மாட்டேங்குறீங்க? வீடு ரொம்ப அமைதியா கெடக்கு.”

அன்று மாலை வாசித்தேன். அவர் தட்டுவது போலவே சுவரில் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டேன்.

“நிறுத்தாதீங்க,” என்றார் அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவி. “சும்மா தட்டிப் பாத்தேன்.”