வத்தல் குடோனில் பாட்டுக் கேட்டவர்

விளாத்திகுளம் சண்முகவேல் அண்ணாச்சி இன்று காலையில் போய்விட்டார்.

மதினிதான், அவருடைய மனைவி, போன் செய்தார். இரண்டே வாக்கியம், வைத்துவிட்டார்... மதுரையில் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னல் சீட்டும் பிடிக்கவில்லை, மாறி உட்கார்ந்த சீட்டும் பிடிக்கவில்லை. கண்டக்டர் முறைக்கிறார்.

சும்மா இருந்தால் என்னவோ செய்கிறது. அதனால்தான் டைப் பண்ணுகிறேன்.

என் ஃப்ரெண்ட் லிஸ்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர். பழைய ஸ்பீக்கர், வால்வு ஆம்ப்ளிஃபயர் என்று பைத்தியமாக அலைந்த எங்களுக்கு, தொண்ணூறுகளில், ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருடைய குடோன்தான்.

நான் அப்போது கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் பெண் என்று நான் ஒருத்திதான். முதல் நாள் யாரோடோ துணைக்கு வந்தவள் என்று நினைத்து ஓரமாக ஒரு சேர் போட்டார்கள்.

"ஏ தங்கச்சி, நடுவுல வந்து உக்காரு. அங்கன இருந்தா ஒரு பக்கந்தான் கேக்கும்" என்றார் அண்ணாச்சி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் இருந்த சேர். அவருடைய சேர்.

அந்த ஸ்பீக்கர் ஜோடி தூத்துக்குடியில் ஏதோ பழைய பங்களாவைக் காலி செய்தபோது வாங்கியது. மார்பு உயரம் வரும். முதலில் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். வெறும் சிமெண்ட் சுவர்... எதிரொலியில் பாட்டு எது, தாளம் எது என்றே தெரியவில்லையாம்.

இடத்தை அடைக்கிறது என்று மதினி சத்தம் போட, குடோனுக்குக் கொண்டுபோய், வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்து ஒரு ரெக்கார்டு போட்டிருக்கிறார். அடடா! எதிரொலியை எல்லாம் மூட்டைகள் குடித்துவிட்டன. வீணைக் கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது.

அதிலிருந்து வத்தல் சீசன்தான் எங்களுக்கும் சீசன். மாசி, பங்குனியில் குடோன் நிறைந்தால் சவுண்டும் நிறையும். லோடு ஏற்றிவிட்டால் நல்ல சவுண்டும் லாரியோடு போய்விடும்.

ஆனால் நெடி? எல்லாரும் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட உட்கார்ந்திருப்போம். தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். பாட்டுக்கு நடுவில் தும்மினால் அண்ணாச்சிக்குக் கெட்ட கோபம் வரும்.

ஒரு தடவை மதுரையிலிருந்து பெரிய ரெக்கார்டு கலெக்டர் ஒருவர் வந்தார். எங்கள் கண்களைப் பார்த்து, "இப்படி உருகிக் கேக்குற ரசிகர்களை நான் பார்த்ததே இல்ல" என்றார். ரெண்டாவது பாட்டில் அவரும் அழ ஆரம்பித்துவிட்டார்.

சிரிப்பு வருகிறது. பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கிறார்.

பிறகு அண்ணாச்சிக்கு இருமல் வந்தது... நாங்கள் வராத நாட்களிலும் தனியாகப் போய் உட்கார்ந்து கேட்ட மனுஷன் அல்லவா. வத்தல் தூசி பக்கமே போகக்கூடாது, போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

கடையை மச்சினனிடம் கொடுத்தார். அதற்கு ஒரு முணுமுணுப்புகூட இல்லை. குடோனை மட்டும் விடவில்லை. பத்து நிமிஷம் என்று போவார், மதினி போய்க் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டும்.

நானும் சண்டை போட்டேன். "சாவணும்னே இருக்கீங்களா அண்ணாச்சி?"

"கேக்காம எதுக்கு இருக்கணும்கேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்பீக்கரையே போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

மதினி உடைக்கவில்லை. ஒரு பாட்டுகூட உட்கார்ந்து கேட்டறியாதவர். அண்ணாச்சி தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தன் தம்பியை விட்டு வத்தல் மொத்தத்தையும் லோடு ஏற்றச் சொன்னார். குடோனைக் கழுவிவிட்டார். புதியம்புத்தூர் தையல் யூனிட்டுகளில் மிஞ்சும் வெட்டுத் துணியை வேன் வைத்து வாங்கிவந்து, புதுச் சாக்குகளில் திணித்து, வத்தல் மூட்டைகள் இருந்த அதே இடத்தில், அதே உயரத்துக்கு அடுக்கினார்.

எந்த மூட்டை எங்கே இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இன்னும் எனக்குப் புரியவில்லை.

அண்ணாச்சி வந்து உட்கார்ந்து ஒரு ரெக்கார்டு முழுக்கக் கேட்டார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மேல் சத்தம் மழுங்குது. வத்தல் மாதிரி வரல" என்றார்.

"மழுங்கட்டும். நீங்க இருக்கீங்கல்லா" என்றார் மதினி.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் மழுங்குது, மழுங்குது என்று புலம்பிக்கொண்டே இருந்தார்...

நாகலாபுரம் தாண்டியாச்சு. மனசு கேட்காமல் இப்போது மதினிக்குத் திரும்பவும் போன் அடித்தேன். எப்படி மதினி என்று கேட்டேன்.

"காப்பி குடிச்சாவ. குடோனுக்குக் கூட்டிட்டுப் போன்னாவ. ரெக்கார்டு போடுன்னாவ, போட்டேன். சத்தத்தக் கூட்டு, இன்னும் கூட்டுன்னாவ. நம்ம சத்தங் கூட்டுனா ஆளக் கொன்னுருவாவள்லா? இன்னைக்கு என்ன இப்படிக் கேக்காவன்னு நெனச்சேன் கோமதி. நானும் பக்கத்துல மூட்டையில சாஞ்சு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ரெக்கார்டு முடிஞ்சப்பத்தான் திரும்பிப் பாத்தேன்..."

பின்னால் யாரோ ஒப்பாரி வைப்பது கேட்டது.

"அவியளுக்கு மூச்சு இழுத்திருக்கு. அது என் காதுல விழக்கூடாதுன்னுல்லா கூட்டச் சொல்லிருக்காவ..."

பஸ் விளாத்திகுளத்துக்குள் திரும்புகிறது.

வந்துவிட்டேன் அண்ணாச்சி. மதினி முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.