செவிலி என்று எழுதிய பலகை

என் அண்ணி ராஜமேரியை அந்த ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நர்சம்மாதான். சித்தேரி மலையடிவாரத்தில், பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நின்று போகும் ஊர் அது. அரசாங்கம் ஓர் ஓட்டுக் கட்டடம் கொடுத்திருந்தது. முன்னறையில் ஊசி, மாத்திரை, தராசு, பின்னறையில் குடித்தனம். என் அண்ணன் சவரிமுத்து லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப மாதமாகும். அதனால் அண்ணிக்குப் பெண் பிறந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் போய்த் தங்கினேன். எண்பத்து மூன்றோ நாலோ இருக்கும்.

அண்ணி காட்டு வேலைக்குப் போகிற வீட்டில் பிறந்தவள். பங்குச் சாமியார் சொல்லித்தான் நர்ஸ் படிப்புக்கே அனுப்பினார்கள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். பெற்றவளின் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிற வீடுகளில் போய்ச் சண்டைக்கு நிற்பாள். “மாட்டுச் சீம்பாலைக் காய்ச்சி நீங்க திங்கறீங்க. பெத்த புள்ளைக்கு மட்டும் ஆவாதா?” என்பாள். கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்த வருஷம் வாசலில் புதுப் பலகை மாட்டினார்கள். ‘கிராம சுகாதாரச் செவிலியர்’ என்று எழுதியிருந்தது. நர்ஸ் என்று நல்ல தமிழில் எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா? எனக்கே புரியவில்லை, ஊருக்கு எங்கே புரியும்!

ஒரு காலை, மலையிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மனுஷர் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் துண்டில் சுற்றிய குழந்தை.

“செவிலி வூடு இதுதானுங்களா?”

“நர்சம்மா வூடு. என்ன வேணும்?”

“புள்ளைக்குப் பாலு வேணுங்க.”

“பால் சொசைட்டி அந்தப் பக்கம்.”

“மாட்டுப் பாலு இல்லீங்க. தாய்ப்பாலு.” பலகையைக் காட்டினார். “கூத்துல பாத்திருக்கனுங்க. ராணிக்கு முடியலன்னா செவிலித்தாய்தான் புள்ளைக்குப் பால் குடுக்கும். கவருமென்டு நமக்கும் ஒருத்தர போட்டிருக்குதுன்னு கண்டக்டரு படிச்சுச் சொன்னாருங்க.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். துண்டை விலக்கினார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கண் உள்ளே போய், தோல் சுருங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது ஆண் குழந்தை.

அவர் பேர் பச்சியப்பன். மனைவி குள்ளம்மாளுக்குக் கடும் காய்ச்சல். காய்ச்சல்காரி பால் ஆகாது என்று அவருடைய ஆத்தா பிள்ளையைப் பிரித்து, ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்திருக்கிறாள். வயிற்றுப்போக்கு. இப்போது தாய்க்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பாலும் நின்றுவிட்டது.

அண்ணி அவருக்குச் சொல்லிப் புரியவைப்பாள் என்று பார்த்தேன். அவளோ குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சேலையை விலக்கினாள்.

“அண்ணி! உனக்கென்ன பைத்தியமா? நம்ம புள்ளைக்கு?”

“பாக்கியம், குடுக்கக் குடுக்க ஊறும்டி. ஊருக்கெல்லாம் அதத்தானே சொல்லிக்கிட்டுத் திரியறேன்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அண்ணன் மகள் பாலில் பங்கு போட இவர் யார்? இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் கேட்பேன். ஆனால் அந்த வாய் முட்டி முட்டித் தேடியதைப் பார்த்தபின், அண்ணி முதுகுக்குத் தலையணை எடுத்துக் கொடுத்தேன்.

பச்சியப்பன் கும்பிட்டார். அண்ணி எரிந்து விழுந்தாள். “கும்புடு கெடக்கட்டும். பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வாங்க. பாலு வத்திப் போவலீங்க. புள்ள வாய் படாம நின்னிருக்குது.”

மறுநாளே குள்ளம்மாள் வந்தாள். காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போலிருந்தாள். பின்னறையிலேயே பாய் போட்டுக் கொடுத்தோம். களியும் முருங்கைக்கீரையும் நான்தான் ஆக்கிப் போட்டேன், திட்டிக்கொண்டேதான். அண்ணி பிள்ளைக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, குள்ளம்மாள் மடியில் விடுவாள். அவன் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அண்ணி பக்கம் திரும்பிக் கத்துவான். ஒரு வாரத்தில் பயலுக்குக் கன்னம் வந்துவிட்டது. குள்ளம்மாளுக்குத்தான் சொட்டுச் சொட்டாகக் கசிந்ததோடு சரி.

ஒரு நாள் அவள் பிள்ளையைத் தூக்கி அண்ணி மடியில் வைத்தாள். “நீங்களே வெச்சுக்கங்க நர்சம்மா. பலகையில அதானே எழுதியிருக்குது. எங்கிட்ட இருந்தா செத்துப்புடும்.”

அண்ணி முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. பிள்ளையைத் திரும்ப அவள் மடியில் வைத்தாள்.

“பலகையில எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் மாத்தல் வந்தா ஊரு மாறிப் போறவ. இவனுக்கு ஆத்தா நீதான். இவன் இப்பத் தெம்பா இருக்கான், கொஞ்ச நேரம் கத்தினா ஒண்ணும் ஆவாது. இனிமே நான் தரமாட்டேன்.”

வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

ஐயோ, அந்த அழுகை! தெருவே எட்டிப் பார்த்தது. அண்ணி துவைக்கிற கல்லருகே முதுகைக் காட்டி நின்றாள். அந்தச் சத்தத்துக்கு அவளுக்குப் பால் தானாகவே சுரந்து ரவிக்கை நனைந்து, சேலை நனைந்தது. முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். “போய்க் குடுத்துத் தொலையேன்” என்று நானே கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

திடீரென்று அழுகை நின்றது.

“பாக்கியம், போய்ப் பாரு. தூங்கிட்டானா, குடிக்கிறானா?” என்றாள் அண்ணி, திரும்பிப் பார்க்காமல்.

கதவைத் திறந்தேன். குள்ளம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் பிள்ளையின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அவன் கடைவாயில் வெள்ளையாக வழிந்தது. “வருதுங்க” என்றாள், சத்தமே இல்லாமல்.

ஓடிவந்து, “குடிக்கிறான் அண்ணி!” என்றேன்.

அண்ணி கல்லின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுதாளா சிரித்தாளா, கர்த்தருக்குத்தான் தெரியும். நனைந்த முந்தானையை உதறிவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

“நம்ம புள்ளையக் கொண்டா பாக்கியம். வலி தாங்கல.”