காப்புக் கட்டிய பிறகு

கைகள் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்தன. வோட்டுப் பெட்டியின் மூடி நேற்றே கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆனாலும் கைகள் நிற்கவில்லை. சீவல் சுருள் சுருளாக விழுந்தது.

தேயிலைத் தோட்டத்துத் தச்சன் ஆண்டியப்பன் மேட்டு லயத்து வரிசை வீடொன்றில் ஒண்டிக்கட்டை. ஒரே மகள் வீரம்மாவைப் பள்ளத்து லயத்து அழகுமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான். தொழிற்சங்கம் இரண்டாகப் பிளந்தபோது இரண்டு லயமும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மோதிக்கொண்டன. ஓர் ஆள் செத்தான். அதன் பிறகு, நடுவில் இரண்டு லயமும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையைத் தாண்டி யாரும் மேலும் கீழும் போவதில்லை. வீரம்மாவுக்குப் பிள்ளை பிறந்ததே காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் யாரோ பேசிக் காதில் விழுந்த சேதிதான். பேரப்பிள்ளையின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

இலங்கைக் குடியுரிமையோடு நாட்டு வோட்டும் பறிபோன தோட்டத்து ஆட்களுக்கு மிஞ்சியது தோட்டத் தலைவர் வோட்டு ஒன்றுதான். மோதலில் நின்றுபோன அதை உடனே வைத்துவிடத் துடித்தான் மேட்டு லயத்துச் சங்கக்காரன் சின்னராசா. இப்போது வைத்தால் தோற்றவன் கத்தியைத்தான் தேடுவான், பீலிக்கரைப் பாதை ஒரேயடியாக அடைபட்டுப்போகும் என்று ஆண்டியப்பன் பயந்தான். இரண்டு லயத்துக்கும் கோயில் ஒன்று. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு வோட்டு வைத்தால், காப்பை அவிழ்க்கும்வரை எவனும் கை ஓங்கமாட்டான். அதற்குள் தோற்றவனுக்குச் சூடு ஆறிவிடும்.

"என்னண்ணே, பொட்டி செய்றீங்களா, தேரு செய்றீங்களா?" சின்னராசா வாசலில் நின்றான்.

"மூடி சரியில்ல தம்பி."

"மருமகன் பக்கத்துக்காக இழுத்தடிக்கிறீங்கன்னு லயமே சிரிக்குது."

"சிரிக்கட்டும். காப்புக் கட்டுனதும் தாரேன்."

சின்னராசா காறித் துப்பிவிட்டுப் போனான். வேறு தச்சன் இல்லை. அன்றிலிருந்து மேட்டு லயமும் ஆண்டியப்பனோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. இழைத்து இழைத்து மூடி அப்பளமாகிவிட்டது. பழைய தேயிலைப் பெட்டியொன்றைப் பிரித்துப் புது மூடி செய்தான். அடுப்பில் ஓர் ஆள் சோறு. தின்னும்போது பேச்சுத் துணைக்கு மழைதான்.

காப்புக் கட்டிய மறுநாள், லயத்துக்கு ஓர் ஆளாகப் பெட்டி வாங்க வந்தார்கள். சின்னராசாவும் அழகுமுத்துவும் விலகி விலகி நின்றார்கள். இருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு.

"புள்ள சுகமா?" ஆண்டியப்பன் மருமகனைப் பார்க்காமல் கேட்டான்.

"சுகந்தான் மாமா." அழகுமுத்து குரலைத் தாழ்த்தினான். "காப்பு அவுத்த பொறகும் ரெண்டு லயமும் இப்பிடியே அடங்கியிருந்தா, புள்ளயத் தூக்கிட்டு வாரோம்."

ஆண்டியப்பன் மூடியை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

"ஆளுக்கொரு பக்கம் புடிங்க" என்று பெட்டியை நீட்டினான்.