பதினோராம் அறைக்குப் புள்ளி இல்லை

ரெட்டா லிண்ட்குவிஸ்ட் வாரத்தில் நான்கு நாள் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை பார்த்தாள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பாள், குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள். மீதி நேரத்தில் ஒஹையோவின் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டுப் படிப்பு. டாக்டராகத் துடிக்கும் மாணவர்கள் அங்கே ஒரு சங்கம் நடத்தினார்கள். மூன்று கிரேக்க எழுத்துகள்தான் அதன் பெயர். அவளும் அதில் உறுப்பினர்.

சங்கத்தில் எல்லாவற்றுக்கும் புள்ளி. கூட்டத்துக்கு வந்தால் புள்ளி, ரத்ததான முகாமில் பிஸ்கட் நீட்டினால் புள்ளி, பந்தை உருட்டும் பவுலிங் விளையாட வந்து இளித்தால்கூடப் புள்ளி. சம்பளம் வாங்கிக்கொண்டு நோயாளியைத் தொட்டால் மட்டும் கிடையாது. அது சேவை இல்லையாம்! சேவையென்றால் எழுத்து அச்சடித்த சங்கத்துச் சட்டையோடு செய்ய வேண்டும், படமெடுத்து அனுப்பவும் வேண்டும். செமஸ்டருக்கு ஒருவர், அதிகப் புள்ளி எடுத்தவர், சங்கத்தின் பழைய உறுப்பினரான ஒரு சர்ஜனோடு ஒரு மாதம் கூடவே நின்று அவர் வேலையைப் பார்க்கலாம். அவர் தரும் சிபாரிசுக் கடிதத்துக்கு மருத்துவக் கல்லூரிகளில் மதிப்பு உண்டு. ரெட்டாவின் குடும்பத்தில் டாக்டரும் இல்லை, டாக்டரைத் தெரிந்தவரும் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு புள்ளி சேர்த்து முதலிடத்தில் இருந்தாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, மூன்று மணிக்குக் கட்டாயக் கூட்டம். ரெட்டாவின் வேலை இரண்டுக்கே முடிந்தது. கிளம்பும்போது பதினோராம் அறையில் இருந்த முதியவர் ஓகர்லண்டுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. ஒரே மகள் அரிசோனாவில். அவள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ரெட்டா கோட்டைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலரைக்கு அவர் போனார்.

கூட்டத்துக்கு வராததற்கு இரண்டு புள்ளி போயிற்று. முதலிடமும் போயிற்று. மறுநாள் சங்கத் தலைவி கொரின் வாண்டர்மீரிடம் முறையிடப் போனாள்.

"உனக்குத் தாத்தாவா?" என்றாள் கொரின்.

"இல்ல. அங்க இருக்கறவர்."

"அப்ப கூட்டத்துக்கு வராததுக்கு ஒத்துக்கற காரணம் லிஸ்ட்ல இது இல்லையே. பரீட்சை, காய்ச்சல், வீட்ல சாவு, அவ்வளவுதான்டி இருக்கு."

"சாகக் கிடக்கற மனுஷன விட்டுட்டு எந்திரிச்சு வரச் சொல்றியா? நாமெல்லாம் என்ன ஆகப் போறோம்னு ஞாபகம் இருக்கா?"

"கத்தாத. விதிய நானா எழுதுனேன்?"

கொரின் கெட்டவள் இல்லை. கொஞ்சம் யோசித்தாள். "இரு, இரு. ரெண்டு மணிக்கே டியூட்டி முடிஞ்சிருச்சுல்ல? அதுக்கு மேல சம்பளம் இல்லையே. அப்ப அது சேவைதான்! போன புள்ளி திரும்பி வந்துரும். படம் இருக்கா?"

படம் இருந்தது. கடைசி அரை மணி நேரமும் ஓகர்லண்டின் மகள் வீடியோவில் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்தே ஒரு படம் எடுத்து ரெட்டாவுக்கு அனுப்பியிருந்தாள்: அப்பாவின் கையும் அதைப் பிடித்திருந்த ரெட்டாவின் கையும். கீழே, 'இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தாள்.

ரெட்டா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். சர்ஜனின் சிபாரிசுக் கடிதம் இல்லாவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். போனை நீட்டினாள்.

"அய்யோ, அழ வைக்குதுடி," என்றாள் கொரின். அவள் கண் நிஜமாகவே கலங்கியது. பிறகு படத்தைப் பெரிதாக்கி, இப்படியும் அப்படியும் நகர்த்தித் தேடினாள். "ஆனா கை மட்டும்தான இருக்கு. சட்டை தெரியலையே. கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க."

ரெட்டா போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கொரின் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்ததுதான் பெரிது. புள்ளியும் கிடைக்கவில்லை, காட்டக் கூடாததையும் காட்டியாயிற்று. சீ என்றிருந்தது.

கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் மகளிடமிருந்து செய்தி வந்தது. 'வந்து சேந்துட்டேன். உங்கள நேர்ல பாத்து நன்றி சொல்லணும். எப்ப வரட்டும்?'