மனம் படிக்க இரண்டு புள்ளி

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவருடைய வேலை. காலை ஒன்பது மணிக்கு எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் இறைச்சிக் கடை, நகைக் கடை, பழைய இரும்புக் கடை என்று ஒன்று விடாமல் ஏறி இறங்குவார். ஐந்து கிராம் முன்னே பின்னே இருந்தாலும் முத்திரை கிடையாது. "என்ன சார், அஞ்சு கிராம்தானே" என்று யாராவது இழுத்தால், "அப்ப அந்த அஞ்சு கிராமைச் சரி பண்ணிடுங்க" என்பார். கோபமில்லாமல் சொல்வார், கடைக்காரர்களுக்கு அதுதான் இன்னும் எரிச்சல். நண்பர்கள் அவரைத் தராசு என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் வேறு வேலை. ஆறு வருடமாக அவர் ஓர் ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். மனோசக்தி உள்ள பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆட்டம். காய் நகர்த்துவது கிடையாது. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மாணவனாகவோ மாணவியாகவோ மாறிப் பேசியே ஆடவேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் "நான் இதைச் செய்யறேன்" என்பார்கள். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

இந்தக் கிறுக்கு அவருக்குப் பிடித்ததே மகளால்தான். அவளுக்குப் பத்து வயதில் கால் உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தாள். பொழுது போகாமல் அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள் பார்த்தாள். துணைக்கு இவரும் உட்கார்ந்து பார்த்தார். பெரிய கண்ணும் நீல முடியுமாகப் பிள்ளைகள் வெறும் நினைப்பாலேயே பேருந்தைத் தூக்கினார்கள், அடுத்தவர் மனசுக்குள் புகுந்து பேசினார்கள், மணி அடித்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி கணக்கு வகுப்புக்கு ஓடினார்கள். கட்டுப் பிரித்ததும் மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா மட்டும் அந்த நாற்காலியிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை.

விதிப் புத்தகம் நூற்று எண்பது பக்கத்துக்கு வளர்ந்திருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் இருபது புள்ளி. அதற்குள் வேண்டிய சக்தியை வாங்கிக்கொள்ளலாம். தீ மூட்ட ஒன்பது புள்ளி. வருவதை முன்கூட்டி அறியப் பதினொன்று. பொருளை நகர்த்துவதற்கு எடைவாரியாகத் தனி அட்டவணை. அதற்காக ஒரு மரச்சாமான் கடையில் சோதனை முடிந்த கையோடு பள்ளி மேசை ஒன்றைத் தராசில் ஏற்றி, பதினெட்டுக் கிலோ இருநூறு என்று குறித்துக்கொண்டு வந்தார். கடைக்காரர் என்ன ஏது என்று கேட்கவில்லை. அரசாங்க ஆளிடம் எதற்கு வம்பு?

சக்தியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் மூக்கில் ரத்தம் வரும். அதற்கும் பன்னிரண்டு வரியில் ஓர் அட்டவணை போட்டிருந்தார். அவர் மனைவி சலவை நிலையம் நடத்துபவள். அந்தப் பக்கத்தை மட்டும் அவள் படித்தாள். "வெள்ளை யூனிஃபார்ம்ல ரத்தம் பட்டா உடனே பச்சத் தண்ணியில போடணும். வெந்நியில போட்டா ஜென்மத்துக்கும் போகாது. அதையும் எழுதுங்க" என்றாள். பதின்மூன்றாவது வரியாக அது சேர்ந்தது.

ஆறு வருடத்தில் அந்தக் குடும்பம் ஆட்டத்துக்குச் செய்த உதவி அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஆட்டம் கூடும். லிஃப்ட் மெக்கானிக் ஐம்பத்து நாலு வயதில் தீ மூட்டும் பதினாறு வயதுப் பெண்ணாக வருவார். பாத்திரத்தின் முடி சிவப்பு. அவருக்கு முடியே கிடையாது. மருந்துக்கடைக்காரர் எதிர்காலம் தெரிந்த பையன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மைத்துனர் பொருளை நகர்த்துகிற பையன். நாள் முழுக்க அடுத்தவன் பிரேக்கை மிதிக்கிறானா என்று பதறும் மனிதருக்கு, நினைத்த மாத்திரத்தில் வண்டியை நிறுத்துவதில் ஒரு தனிச் சுகம். நாலு பேர் வயதையும் கூட்டினால் நூற்றுத் தொண்ணூற்றாறு. பள்ளிக்கூட வாசலை மிதித்து எல்லோருக்கும் ஒரு யுகமாகியிருந்தது.

பக்கத்து அறையில் நிஜமாகவே பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக அவள் எதற்கெடுத்தாலும் கதவைத்தான் சாத்தினாள்.

விஷயம் இதுதான். ஒரு மாதமாக அவள் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பள்ளியிலிருந்து கிளம்பி வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். கேட்டால், "வேற ஸ்கூல்ல சேத்துவிடுங்க" என்கிறாள். ஏன் என்றால் வாய் திறப்பதில்லை. பரீட்சை வருடம், நடுவில் மாற்றினால் படிப்பு கெட்டுவிடும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். வகுப்பாசிரியை, "வயசு அப்படி, பேசிப் பாருங்க" என்று கைகழுவிவிட்டார். வேறு பள்ளியில் இடம் கேட்டு ஃபாரம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள்.

தராசும் பேசிப் பார்த்தார்.

"ஸ்கூல் எப்படிப் போகுது?"

"போகுது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. "அடுத்தவங்க மனசைப் படிக்கிறதப் பத்திப் பக்கம் பக்கமா எழுதறீங்க" என்றாள் மனைவி, சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி. "வீட்ல ஒரு மனசு கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கு." அவருக்குச் சுருக்கென்றது.

மருந்துக்கடைக்காரர்தான் வழி சொன்னார். "இப்போ பசங்க எப்படிப் பேசறாங்கன்னு நமக்கு ஒரு இழவும் தெரியாது தராசு. உங்க பொண்ணு ஒரு தடவ இதைப் படிச்சுப் பாத்தா என்ன?"

கேட்பார், மாட்டேன் என்பாள், கேட்டோம் என்ற திருப்தியாவது இருக்கும் என்று போய்க் கேட்டார். அவள் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். மூன்று நாள் கழித்துச் சிவப்பு மை பூசித் திருப்பிக் கொடுத்தாள். 'இப்படி யாரும் பேச மாட்டாங்க' என்று முப்பத்தோரு இடத்தில் எழுதியிருந்தது. மூக்கு ரத்த அட்டவணைக்கு 'நல்லாருக்கு' என்று ஒரு சரி. நாற்பத்து நாலாம் பக்கத்தில், 'மனம் படித்தல்: 2 புள்ளி' என்ற வரியைச் சுற்றித் தாள் கிழியும் அளவுக்கு ஒரு வட்டம். பக்கத்தில் 'தப்பு.'

மற்றது எதற்கும் அவர் வருத்தப்படவில்லை. எடை தப்பு என்றதுதான் தாங்கவில்லை.

"அதுல என்னம்மா தப்பு? அதனால ஒண்ணும் உடையாது, யாருக்கும் அடிபடாது. சும்மா தெரிஞ்சுக்கறது. ரெண்டு புள்ளியே அதிகம்."

"ஒரு ஞாயித்துக்கிழமை நான் ஆடறேன். ஆனா எனக்குப் பவர் எதுவும் வேணாம். சாதாரணப் பொண்ணு."

"அப்படி ஒரு ஆள் விதியிலயே இல்லையேம்மா. இருபது புள்ளியையும் என்ன பண்ணுவ?"

"நீங்களே வச்சுக்கோங்க."

அந்த ஞாயிறு அவள் வந்து மைத்துனருக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் உட்கார்ந்தபோது, மூன்று பேரும் தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வந்துவிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மெக்கானிக் சிவப்பு முடிப் பெண்ணின் குரலில் பேசுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

தராசு கதையைத் தொடங்கினார். பல மாதமாக வளர்த்த கதைக்கு அன்றைக்கு உச்சகட்டம். மாணவர் தலைவன்தான் வில்லன் என்று தெரிந்துவிட்டது. அரங்கத்தின் கூரையை மொத்தமாகப் பெயர்த்துக் கீழே போடப்போகிறான். கூரையின் எடை நாற்பத்திரண்டு டன், கணக்குப் போட்டு வைத்திருந்தார். "மதியச் சாப்பாட்டு மணி அடிக்குது. எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு..." என்று வழக்கம்போல ஒரே வரியில் அந்த இடத்தைத் தாண்டப் பார்த்தார்.

"நானும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போறேன்" என்றாள் மகள். "எங்க உக்காரலாம்?"

"எங்க வேணா உக்காரலாம்."

"எங்க வேணா உக்காரலாம்னு எந்த ஸ்கூல்லயும் கிடையாதுப்பா."

அவர் ஒரு தாளை எடுத்து மேசைகளை வரைந்தார். அவள் பென்சிலை வாங்கி ஜன்னல் ஓரத்து மேசையில் நாலு புள்ளி வைத்தாள். "இவங்க நாலு பேரும் என் கிளாஸ். நான் போய் இங்க உக்கார்றேன்."

"சரி. உக்கார்ந்தாச்சு. ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றார் தராசு. ஒரு கண் கூரை மேலேயே இருந்தது.

மருந்துக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். டாக்டர்கள் கிறுக்கியதையெல்லாம் படித்துப் பழகியவருக்கு ஏதோ பட்டிருக்கிறது. "எங்கிட்ட மனம் படித்தல் இருக்கு. மீந்த ரெண்டு புள்ளிக்கு வாங்கிப் போட்டேன். அந்த நாலு பேர் மனசுல என்ன ஓடுதுன்னு படிக்கிறேன்." பகடையை உருட்டினார். வேண்டிய எண் விழுந்தது.

கதையை நடத்துபவர்தான் பதில் சொல்லவேண்டும். "அவங்க... பரீட்சையப் பத்தி நினைக்கிறாங்க" என்றார் தராசு.

"இல்ல" என்றாள் மகள்.

"அப்போ, புதுசா வந்த டீச்சரைப் பத்தி..."

"இல்லப்பா. நான் சொல்லட்டுமா?" தாளைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். "இவ எப்ப எந்திரிச்சுப் போவான்னு நினைக்கிறாங்க. அவ்வளவுதான். கோவமெல்லாம் இல்ல. திட்ட மாட்டாங்க, தள்ளி உக்கார மாட்டாங்க. நான் உக்காந்ததும் பேச்சு நின்னுடும். நான் டப்பாவை மூடற வரைக்கும் யாரும் பேச மாட்டாங்க. எந்திரிச்சு நாலடி போனதும் மறுபடி ஆரம்பிப்பாங்க. சிரிப்பாங்க."

மைத்துனர்தான் கேட்டார், ஆட்டத்துக்காகக் கேட்கிற மாதிரி: "அந்தப் பொண்ணு என்ன பண்ணினா?"

"அவங்கள்ல ஒருத்தி பரீட்சையில பாத்து எழுதினா. பக்கத்துல நான்தான். அவ காப்பியடிச்சதப் பாத்தியான்னு டீச்சர் கேட்டாங்க. பாத்தேன்னு சொன்னேன். அவளை மூணு நாள் வெளிய நிறுத்திட்டாங்க."

"பொய் சொல்லியிருக்கலாமே" என்றார் மெக்கானிக், மெதுவாக.

"எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்ல அங்கிள்."

தராசுக்குக் காது சூடேறியது. ஐந்து கிராம் பொய்கூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லி வளர்த்தவர் அவர்தான். சொன்னதில் தப்பில்லை. சொன்னபடி நடந்த பிள்ளை எந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"இதையா நான் ரெண்டு புள்ளிக்கு வாங்கினேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மெக்கானிக் தன் தாளைக் கையில் எடுத்தார். "நான் எங்க இருக்கேன் தராசு?"

"அரங்க வாசல்ல. கூரையில விரிசல் விட்டாச்சு. முப்பது செகண்டுதான் இருக்கு. நீ கம்பியை உருக்கி ஒட்டவச்சாத்தான் நிக்கும்."

"நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போறேன். பாப்பாவுக்கு எதிர்ல உக்கார்றேன்."

"கூரை விழும்யா."

"விழட்டும்."

"மாமா, நானும் அங்க போறேன்" என்றார் மைத்துனர். "ஒரு பெஞ்ச நகத்திப் போட்டுக்கறேன். எத்தன கிலோ?"

"இருபத்தாறு" என்றார் தராசு.

"எனக்கு எதிர்காலம் தெரியும்" என்றார் மருந்துக்கடைக்காரர். "கூரை விழும். அரங்கத்துல ஒருத்தரும் இல்ல, எல்லாம் சாப்பிடப் போயாச்சு. நானும் வந்து உக்கார்றேன்."

விதி விதிதான். தராசு பகடையை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, கட்டடம் முழுச் சேதம் என்று அறிவித்தார். நாற்பத்திரண்டு டன்னும் கீழே விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு முடிக்காரி பாப்பாவிடம் டப்பாவில் என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பாப்பா பதில் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல், முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

அப்புறம் கையை எடுக்காமலே, "அப்பா, நான் அங்க இனிமே போகலப்பா" என்றாள்.

போகவேண்டும் என்பதற்கு அவரிடம் ஆறு காரணம் தயாராக இருந்தது. வாரம் முழுக்க மனசுக்குள் அடுக்கி வைத்தவை. எல்லாம் நியாயமான காரணம்.

"சரிம்மா. போக வேணாம்" என்றார்.

வாசற்படியில் நின்ற அம்மா எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. "ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

"சொன்னா நீங்க அழுவீங்க."

"நான் எங்கடி அழறேன்" என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு, அந்தப் புதுப் பள்ளி ஃபாரத்தில் பேனாவால்தான் எழுதவேண்டுமா என்று பொதுவாகக் கேட்டாள்.

நண்பர்கள் கிளம்பினார்கள். மெக்கானிக் செருப்பை மாட்டியபடி தயங்கினார். எதையோ கேட்கவேண்டும், கேட்கலாமா என்று தெரியவில்லை. கடைசியில் தராசைப் பார்த்துக் கேட்காமல் அவளையே பார்த்துக் கேட்டார்.

"வேற ஸ்கூலுக்குப் போயிட்டா, பாப்பா இங்க ஆட வராதா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"எந்த ஸ்கூலா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை லீவுதானே அங்கிள்" என்றாள்.