முதலில் பெரியப்பா வீடு

மலேசியாவில் எங்கள் ஊரான கோத்தா திங்கியில் வெள்ளம் வடிந்து இரண்டு நாளாகிறது. வீட்டைக் கழுவி முடித்து இப்போதுதான் உட்கார்ந்தேன். முதுகு ஒடிகிறது. ஆற்றுச் சேற்றின் வாடை கையை விட்டுப் போகவில்லை.

எனக்கு ஒன்பது வயதில் வந்த வெள்ளத்திலும் இதே வாடைதான். அப்பா ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து பெரியப்பா எங்களோடு பேசுவதில்லை. கிறிஸ்மஸுக்கு அப்பா கொண்டுபோன கேக்கை வாசலிலேயே வீசியவர். அந்த வெள்ளம் வடிந்ததும் அப்பா எங்கள் வீட்டைத் தொடாமல், வாளியோடு அவர் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பெரியப்பா பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கூடத்தைக் கழுவினார். சேறு படிந்த முருகன் படத்தையும் தன் சட்டையால் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டினார்.

சாயங்காலம் அம்மா பொரிந்து தள்ளினார். "நம்ம வீடு நாறுது லா. அந்த மனுசன் மேல அவ்ளோ அன்பா?"

அப்பா படியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அன்பெல்லாம் இன்னும் வரல. பகைக்கிறவனுக்கும் நல்லது செய்யுன்னு இயேசு சொன்னாரு, செஞ்சேன். என்னைய ரட்சிச்சப்ப நான் மட்டும் நல்லவனாவா இருந்தேன்?"

இன்று, என் பக்கத்து வீட்டுக்காரர் தனி ஆள். வேலித் தகராறில் என்னைப் போலீஸ் வரைக்கும் இழுத்தவர். இன்னும் தன் வீட்டுச் சேற்றுக்குள் நிற்கிறார்.

எனக்கும் அன்பு வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.